சொல்லிவிட்டு வந்த ஆபீசர்

சோதனைக்கு வருகிற ஆபீசர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வரலாமா என்று யாராவது கேட்டால், கூடவே கூடாது என்பேன். திருட்டுக் கடைக்காரன் தப்பித்துவிடுவான் என்பதற்காக அல்ல. ஒழுங்கான கடைக்காரன் கெட்டுப்போவான் என்பதற்காக.

ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் செங்கல் சூளை, ரப்பர் தோட்டம், மீன்பிடி வள்ளம் என்று அலைந்து, அந்த வருஷம் புதுக்கடைச் சந்தைக்குப் பக்கத்தில் யேசுவடியான் அண்ணனின் சாயாக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தேன். சாப்பாடு அங்கே, ராத்திரி பெஞ்சில் படுக்கை. கடையை மூடினால் என் வீட்டையும் மூடினதாகக் கணக்கு.

சுத்தமான கடை. அதன் கிணற்று வெள்ளத்துக்காகவே (தண்ணீரைத்தான் சொல்கிறேன், எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் யாரும் ஓடமாட்டார்கள்) தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் சாயா குடிக்க வருவார்கள். சுகாதார ஆபீசர் சும்மா வந்து பார்த்திருந்தால் லைசென்ஸைப் புதுப்பித்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் முந்தின நாளே ஆபீசிலிருந்து போன் செய்து, கிணற்றையும் பார்ப்போம் என்று சொல்லித் தொலைத்தார்கள்.

அண்ணனுக்குப் புத்தி பேதலித்தது. அலமாரிக்குப் பெயின்ட், தரைக்கு ஃபினாயில். எப்போதும் கைலியில் நிற்கிறவர் சர்ச்சுக்கு உடுத்தும் வெள்ளை வேட்டியை எடுத்துத் தேய்த்தார். கிணறு என் பொறுப்பு. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடவேண்டும் என்று கேட்டேன்.

"கெணத்தப் பாத்தா தெரியாதாலே? கொஞ்சம் கூடிப்போனா ஒண்ணும் ஆவாது. சுத்தம் சுத்தந்தானே மக்கா."

பார்த்தேன். ஆழமாகத் தெரிந்தது. அள்ளிப் போட்டேன். இவ்வளவு பெரிய கிணற்றுக்கு இது எந்த மூலைக்கு என்று தோன்றியது. மூட்டையையே கவிழ்த்து உதறினேன்.

மறுநாள் ஆபீசர் வரும்வரை அடுப்பைத் தொடக்கூடாது என்று அண்ணன் உத்தரவு. ஆகவே நாங்கள் ஒரு வாய் சாயாகூடக் குடித்துப் பார்க்கவில்லை. ஃபினாயில் வாடையில் மூக்கும் செத்திருந்தது. ஆபீசர் அடுக்களையைச் சுற்றிப் பார்த்து, கிணற்றையும் தள்ளி நின்றே எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு உயிர் வந்தது. அண்ணன் அத்தோடு விட்டாரா? சாயா குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று மறித்தார்.

ஒரு வாய்தான். ஆபீசரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீர் கோத்தது.

"தினமும் இந்தத் தண்ணியிலதான் டீ போடுறீங்களா?"

"அய்யோ இல்ல சார்" என்றார் அண்ணன் பணிவாக. "இது ஒங்களுக்குன்னே விசேஷமாப் போட்டது."

கிணற்றை இறைத்துச் சரியாக்கும்வரை கடை திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். லைசென்ஸும் அதுவரை இல்லை. இறைத்தவன் நான்தான். பகலில் கிணறு, இரவில் பஸ் ஸ்டாண்ட். கொசுவைத் தவிர அங்கே குறையில்லை.

இன்று பூதப்பாண்டியில் எனக்கும் ஒரு வீடு உண்டு. சொந்தக்காரர்கள் வருவதாகப் போன் செய்தால், என் வீட்டுக்காரி ராஜம் முதலில் போய்க் கிணற்று மூடியைப் பூட்டுகிறாள். அண்ணன் மட்டும் போனே செய்வதில்லை. போன மாதமும் அப்படித்தான், திடீரென்று வாசலில் நின்றார். வீட்டில் பழங்கஞ்சியும் முந்தின நாள் மீன்கறியும்தான். ஒரு போன் செய்தால் என்ன என்று எரிந்து விழுந்தேன்.

"எதுக்குலே? எனக்குன்னு விசேஷமா எதையாவது போடுகதுக்கா?" என்று கேட்டுவிட்டு, ராஜத்திடம் இன்னொரு முறை கஞ்சி வாங்கிக் குடித்தார்.