வெர்னன் டப்ஸின் எட்டாவது அணி

மாடியில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டதும் நாகசுப்பிரமணியன் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அனு, மேலே மறுபடியும் பெட்டி கட்டறார்.”

“நேத்தே கட்டியாச்சு. இன்னிக்குத் துடைச்சு வைக்கிறார் போலிருக்கு,” என்றாள் அவர் மனைவி அனுசூயா.

மாடியில் ஜூன் மாதம் குடிவந்தவர் வெர்னன் டப்ஸ். ஒஹையோ மாநிலத்துக்காரர். அமெரிக்கப் பாணிக் கால்பந்து ஆடுவதுதான் அவருக்குத் தொழில். எதிரணியில் பந்தை எறிகிறவன் எறிவதற்குள் ஓடிப்போய் அவனைத் தரையில் சாய்க்க வேண்டும். அதற்காக முன்வரிசையில் நிற்கும் நாலைந்து மலைகளில் அவரும் ஒரு மலை. மொன்றியலை ஒட்டிய லாசாலில் நாகசுப்பிரமணியனின் வீட்டு மாடிப்படியில் அவர் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் ஏறுவார்.

மலைதானே தவிர, ராசியில்லாத மலை. ஒன்பது வருஷத்தில் ஏழு ஊர், ஏழு அணி. ஓர் ஊரில் அவருடைய சட்டை முதல் சலவைக்குப் போய்த் திரும்புவதற்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். இன்னோர் ஊரில் அணியின் புத்தகத்தில் அவர் படத்துக்குக் கீழே வேறு ஒருவன் பெயர். மூன்றாவது ஊரில் அலமாரிக் கதவில் அவர் பெயரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே புரிந்துவிட்டது என்று டப்ஸ் சிரித்துக்கொண்டே சொல்வார். எட்டாவதாக வாய்த்தது மொன்றியல். இங்கே பயிற்சி முகாம் முடியும் அன்று யார் தங்கலாம், யார் போகலாம் என்று பட்டியல் ஒட்டுவார்கள். அதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அந்தச் சிரிப்புதான் நாகசுப்பிரமணியனை உறுத்தியது. எக்ஸ்போ கண்காட்சி வேலைகள் முடிந்த கையோடு, அறுபத்தேழில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர் வேலை பார்த்த கம்பெனியில் அவரையும் கூப்பிட்டுக் கைகுலுக்கி அனுப்பினார்கள். அன்றைக்கு அவரும் இப்படித்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பிறகு வேறு இடத்தில் எஞ்சினியர் வேலை கிடைத்து, வீடும் வாங்கி, ஐந்து வருஷமும் ஓடிவிட்டது. ஆனாலும் யாராவது வேலை போகப்போகிறது என்று சொன்னால் அவரால் சும்மா இருக்க முடியாது.

விசாரித்ததில், டப்ஸ் காலைப் பயிற்சிக்குத் தினமும் நேரம் கழித்துப் போகிறார் என்று தெரிந்தது. தூக்கம் கலைவதில்லையாம். நாகசுப்பிரமணியன் தன் அலாரம் கடிகாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலை அது அடித்த அடியில் பக்கத்து வீட்டு நாய் எழுந்தது, டப்ஸ் எழவில்லை.

“நான் கார்ல கொண்டு போய் விடறேன்,” என்றார் நாகசுப்பிரமணியன்.

டப்ஸின் முகம் ஒரு கணம் என்னவோ போலாயிற்று. “உங்களுக்கு ஏன் சிரமம், மிஸ்டர் நாகா?”

“சிரமம் என்ன சிரமம். போற வழிதானே.”

போகிற வழியே இல்லை. முகாம் நடந்தது மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில். அவருடைய ஆபீஸ் கிழக்கே. முதல் நாள் குறுக்குவழி என்று நினைத்து ஒரு சாலையில் திரும்பினார். அது பாலம் ஏறி இல்-பிசார் என்ற வேறொரு தீவுக்குள் கொண்டுபோய், லாவாலுக்குப் போகும் படகுத்துறையில் விட்டது. மைதானம் போய்ச் சேரும்போது ஐம்பது நிமிஷம் தாமதம். கோச் டப்ஸை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவைத்தார். நாகசுப்பிரமணியனுக்கு அவமானமாக இருந்தது. டப்ஸ் கோபித்துக்கொள்ளவே இல்லை. அந்தத் தீவு ரொம்ப அழகாக இருந்தது, நாளைக்கும் அந்த வழியாகவே போகலாமா என்று கேட்டார்.

எவ்வளவு பெரிய மனசு என்று நாகசுப்பிரமணியன் மனைவியிடம் சொல்லி உருகினார்.

மறுநாளிலிருந்து சரியான நேரத்துக்குக் கொண்டு சேர்த்தார். அதனால் டப்ஸ் முதல் முறையாக எடை பார்க்கும் நேரத்தில் அங்கே இருந்தார். பதினாலு பவுண்டு குறைவு. இந்த எடைக்குக் காற்றடித்தாலே விழுந்துவிடுவாய் என்று கோச் எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

“சாப்பிடறதே இல்லைங்க அவர்,” என்றாள் அனுசூயா. “தினமும் ஒரு ஆப்பிளைக் கடிச்சிட்டுப் படுத்துக்கறார். என்கிட்ட விடுங்க.”

காலை ஐந்தரைக்கே பொங்கல் தயாரானது. முந்திரியும் மிளகும் நெய்யில் மிதந்தன. டப்ஸ் வேண்டாம் என்றுதான் ஆரம்பித்தார். அனுசூயா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றாள். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர் அவர். அதிலும் கரண்டியோடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வார்? மூன்று தட்டு உள்ளே போயிற்று. கூட எட்டு வடை.

எடை ஏறியது. ஆனால் அன்று பத்து மணிக்கு, வரிசையில் குனிந்து நின்ற டப்ஸ் அப்படியே தூங்கிவிட்டார். விசில் ஊதி, எதிரே நின்றவன் இடித்து, ஆட்டமே முடிந்து எல்லாரும் எழுந்து நடந்த பிறகும் அவர் குனிந்தே நின்றார். இவ்வளவு உறுதியாக நிற்கிறவனை நான் பார்த்ததில்லை என்று ஒரு உதவிக் கோச் முதலில் பாராட்டினார். கிட்டே போய்க் குறட்டையைக் கேட்டதும் பாராட்டை வாபஸ் வாங்கிக்கொண்டார். டப்ஸின் பெயர் பட்டியலின் அடிக்குப் போயிற்று.

இதற்குள் நாகசுப்பிரமணியனின் பெயரும் அவர் ஆபீஸில் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. தினமும் பத்தரைக்கு வருகிறவரைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று மேலதிகாரி கேட்டார். கால்பந்துப் பயிற்சி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார் நாகசுப்பிரமணியன். அவருடைய எடை அறுபது கிலோ. மேலதிகாரி ரொம்ப நேரம் அவரைப் பார்த்துவிட்டு, இனிமேல் ஒன்பதுக்கு வரவில்லையென்றால் வரவே வேண்டாம் என்றார்.

கடைசிச் சோதனை ஆட்டம் சனிக்கிழமை காலையில் வைத்திருந்ததால் பிழைத்தார்.

தூக்கத்துக்கு மாற்றும் அனுசூயாவிடமே இருந்தது. “பொங்கல்தானே அசத்துது? இன்னிக்குப் புளியோதரை. தொட்டுக்க எங்கம்மா அனுப்பின மிளகாய் ஊறுகாய். எப்படித் தூங்கறார்னு பாக்கறேன்.”

முதல் வாயில் டப்ஸின் காது சிவந்தது. இரண்டாவது வாயில் கண் நிறைந்தது. நல்லா இருக்கா என்று அனுசூயா கேட்டாள். நல்லா இருக்கு என்று அவர் சொன்னதால் இன்னொரு கரண்டி விழுந்தது. தண்ணீர் குடிக்க விடாமல் நாகசுப்பிரமணியன் நேரமாகிவிட்டது என்று காரில் ஏற்றினார். வழியெல்லாம் டப்ஸ் ஜன்னலுக்கு வெளியே வாயைத் திறந்து வைத்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் இறங்கியதும் ஆட்டம் தொடங்கிவிட்டது. ஓரமாகப் போட்டிருந்த பெஞ்சில் நாகசுப்பிரமணியன் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார். அவருக்கு ஆட்டம் சரியாகப் புரியாது. ஆனால் டப்ஸின் கண் பந்தின் மேல் இல்லை என்பது மட்டும் புரிந்தது. மைதானத்தின் அந்தக் கோடியில், எதிரணிக்குப் பின்னால், ஆட்டக்காரர்களுக்காக வைத்திருந்த தண்ணீர் வாளியின் மேல் இருந்தது.

விசில் ஊதியது. டப்ஸ் வாளியை நோக்கிக் கிளம்பினார்.

நடுவே நின்ற ஒருவன் இடப்பக்கம் போய் விழுந்தான். இன்னொருவன் வலப்பக்கம். பந்தை வைத்திருந்தவன் பாவம், தப்பித்து ஓட வாளி இருந்த பக்கமாகவே ஓடினான். அவனையும் அவன் பந்தையும் தாண்டி டப்ஸ் போனபோது இரண்டும் இரண்டு இடத்தில் கிடந்தன. அடுத்த முறையும் இதே. அதற்கடுத்த முறையும் இதே. வாளிக்கு எட்டடி இருக்கும்போதெல்லாம் யாராவது விசில் ஊதித் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பதினைந்து வருஷமாக இந்தப் பசியோடு ஓடுகிற ஒருவனைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று கோச் கத்தினார். அது பசியில்லை, தாகம் என்று சொல்ல டப்ஸால் முடியவில்லை, நாக்கு வீங்கியிருந்தது.

மத்தியானம் பட்டியல் ஒட்டினார்கள். வெர்னன் டப்ஸ், முதல் பெயர். ஆட்டப் பருவம் முடிகிற நவம்பர் வரைக்கும் ஆரம்ப வரிசையில் இடம். ஒன்பது வருஷத்தில் அவருக்கு அப்படி ஓர் இடம் கிடைத்ததில்லை.

டப்ஸ் பட்டியலை இரண்டு தரம் படித்தார். அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். நாகசுப்பிரமணியன் பக்கத்தில் போய்க் குனிந்தார். அந்தப் பெரிய தோளில் கை வைத்து, “எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது,” என்றார். டப்ஸ் தலையை ஆட்டினார். வீடு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டப்ஸ் துணி துவைக்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒஹையோவிலிருந்து அவர் மனைவி மார்லீன் கூப்பிட்டாள். மாடியில் டெலிபோன் கிடையாது; டப்ஸுக்கு வரும் அழைப்பெல்லாம் கீழேதான் வரும். எப்போதும் அனுசூயா எடுத்து மேலே குரல் கொடுப்பாள். அன்று நாகசுப்பிரமணியன் எடுத்தார். நல்ல செய்தியைத் தன் வாயாலேயே சொல்லக் கிடைத்ததில் அவருக்கு நிலைகொள்ளவில்லை.

“உங்க வீட்டுக்காரரை அணியில சேர்த்துட்டாங்க. நவம்பர் வரைக்கும் கவலையே இல்லை.”

லைன் அறுந்துவிட்டதோ என்று அவர் இரண்டு தரம் ஹலோ சொன்னார்.

“இங்கே பள்ளிக்கூடத்துல அவருக்குக் கோச் வேலை காத்துக்கிட்டிருக்கு,” என்றாள் மார்லீன் மெதுவாக. “ஆகஸ்ட்ல எனக்குக் குழந்தை பிறக்கப் போகுது. தானா விட்டுட்டு வந்தா ஒரு வருஷம் எங்கேயும் சேரக் கூடாதுன்னு ஒப்பந்தம். அவங்களா அனுப்பினாத்தான் வர முடியும். அதுக்காகத்தான் லேட்டாப் போய், பட்டினி கிடந்து, அவரும் ரெண்டு மாசமாப் பாடுபட்டார்.”

நாகசுப்பிரமணியன் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

“ஒரே ஒரு விஷயம் கேக்கணும், சார்,” என்றாள் அவள். “யாரோ தினமும் காலையில அவரை எழுப்பி, வயிறு நிறையச் சோறு போட்டு, கார்ல கொண்டு போய் விடறாங்களாம், யாருன்னு கேட்டா, நல்லவங்க, விடுங்கறார். அது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”