போத்தலுக்குள் ஒரு அருவி

அந்தமானுக்குக் காட்டை வெட்ட வந்தவர்கள் உண்டு. காட்டைக் கண்டு மிரண்டு அடுத்த கப்பலிலேயே ஊருக்கு ஓடியவர்களும் உண்டு. ஆனால் காட்டை ஒரு மிட்டாய் போத்தலில் அடைத்து, அதற்குள் அருவியும் வைத்து, மெட்ராஸ் கப்பலில் பொண்டாட்டிக்கு அனுப்பிய ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தார் என்பதில் எனக்குப் பெருமை. அதை ஏன் மறைக்க வேண்டும்?

லைன் முழுக்க அவருக்கு 'போத்தல் பாபு' என்றுதான் பெயர். வைத்தது எதிர்வீட்டு வங்காளி மாசிமா. அறுபதுகளில் டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் எங்கள் தகர வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் லைனே தும்மும். அவர் ராமநாதபுரம் பக்கம். சர்க்கார் மரக்கிடங்கில் வேலை. தாலி கட்டிய கையோடு கப்பலேறியவர். பின்னால் வருகிறேன் என்ற பொண்டாட்டி பஞ்சவர்ணம் வரவே இல்லை. காடு, பாம்பு, அட்டை என்று யாரோ அவளைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அவளுடைய அண்ணன்காரனோ, ஆவணிக்குள் இவர் வேலையை விட்டுவிட்டு ஊர் வந்து சேராவிட்டால் சம்பந்தத்தையே முறித்துவிடுவதாகச் சொல்லியனுப்பிவிட்டான்.

வேறொருவர் என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார். இவர் நேரே கடைக்கார பாயிடம் போய்க் காலி மிட்டாய் போத்தல் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார்.

"அவ காட்டப் பாக்காமலே பயப்படுறா அக்கா. கொஞ்சம் சாம்பிள் அனுப்பிச்சா பயம் போயிரும்" என்றார்.

"போட்டோ எடுத்து அனுப்பேன் தம்பி."

"போட்டோவுல தண்ணி விழுகுமாக்கா?"



முதல் போத்தலில் அடியிலிருந்தே மண்ணை நிரப்பி, பெரணிச் செடியும் பாசியும் நட்டார். நடுவில் ஒரு கல் மலை. பிளந்த மூங்கில் குச்சி வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு சிப்பி ஓட்டுக்குள் குளமாக நிற்கும். ஒரு டம்ளர் ஊற்றினால் அருவி விழும். அழகுதான். ஆனால் விழுந்த தண்ணீர் எங்கே போகும்? போத்தலுக்கு ஓட்டையா இருக்கிறது? மண் சேறாகி, வேர் அழுகி, மூடியைத் திறந்தபோது எலி செத்துவிட்டது என்று மாசிமா கட்டிலுக்கடியில் எல்லாம் தேடினாள்.

"தண்ணி கீழ போயி ஒதுங்க ஒரு இடம் வேணும். அடியில கல்லு பரப்பணும்" என்று கண்டுபிடித்தார்.

எங்கள் ஊரில் கல் என்றால் கடற்கரைதானே. முற்றத்தில் பரப்புவதும் பவளக்கல், வேலிக்கு அணைப்பதும் பவளக்கல். அவரும் ஒரு சாக்கு அள்ளி வந்து போத்தலின் அடியில் கொட்டினார். சில நாளில் பெரணி எல்லாம் அடுப்பில் காட்டியது போலக் கருகிவிட்டது.

"கடல் கல்லுல உப்பு இருக்காதா? காடு வளக்குறியா, கருவாடு போடுறியா?" என்று கேட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். உப்புப் போகக் கழுவுகிறேன் என்று நாங்கள் மழை பிடித்து வைத்திருந்த டிரம்களில் கையை வைத்தார். அதுவும் பங்குனி மாதத்தில்! குடிக்கிற தண்ணீர் அது. மாசிமா துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

"அரே போத்தல் பாபு! யே பீனே கா பானி ஹை!"

"தோடா தோடா, மாசிமா, கொஞ்சந்தான்!"

"தோடா? டிரம் காலி!"

கடைசியில் மாசிமாவே அவரை இழுத்துப்போய் ஓடையில் விட்டாள். ஓடைக் கல்லில் உப்பு ஏது? அதை அடியில் பரப்பி, அதன்மேல் என் அடுப்புக் கரியை நொறுக்கிப் போட்டார், நாற்றம் அடிக்காமலிருக்க. மண் கல்லுக்குள் இறங்கிவிடாமல் நடுவில் ஒரு வலை வேண்டும். தன் கொசுவலையையே வெட்டிவிட்டார். மறுநாள் முகம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. ஆனால் போத்தல் பிழைத்தது. பெரணி துளிர்த்தது, அருவி விழுந்தது, மிச்சத் தண்ணீர் சமர்த்தாகக் கல்லுக்குள் போய் ஒதுங்கியது. லைனே கூடி நின்று பார்த்தது.

ஆனி மாதக் கப்பலில் கடைக்கார பாய் ஊருக்குப் போனார். போத்தலை அவர் மடியில் வைத்து, "வாரம் ஒரு கரண்டி தண்ணின்னு மறக்காம சொல்லிருங்க பாய்" என்று படித்துப் படித்துச் சொன்னார். கடல் கொந்தளிப்பில் கப்பலே குடல் வெளியே வர வாந்தி எடுத்ததாம். பாய் போத்தலை மட்டும் சாயவிடவில்லை. ஆனால் கரண்டிக் கணக்கு வாந்தியோடு போய்விட்டது.

ஆவணி பிறந்தது. போத்தல் பாபு சோறு தின்னவில்லை. பாய் திரும்பி வருகிற கப்பலுக்கு என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு துறைமுக ஜெட்டிக்குப் போனார். பாய் இறங்கினார். பின்னாலேயே பஞ்சவர்ணம், கையில் போத்தலோடு!

"போகும்போது மடியில காடு, வரும்போது மடியில குளம்!" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார்.

போத்தலில் கழுத்துவரை தண்ணீர். பெரணி மூழ்கிக் கிடந்தது. இந்த மனுஷன் பொண்டாட்டியைப் பார்க்கவில்லை, போத்தலைப் பார்த்தார்.

"தெனமும் ஊத்துனியா?"

"பின்ன? ஊரே அருவி பாக்க வருது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஊத்துனேன்" என்றாள். "அண்ணன் தூக்கிப் போடச் சொல்லுச்சு. உசுரோட இருக்கிறத எப்படிப் போடுறது? சரி பண்ணிக் குடுங்க. அடுத்த கப்பல்ல போயிருவேன்."

அவர் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பிரித்தார். பெரணியைத் தகர டப்பாவில் நட்டார். கல்லைக் கழுவி முற்றத்தில் கோரைப்பாய் விரித்துப் பரப்பினார். "கல்லு நல்லா காயணும், அப்பத்தான் அடுக்க முடியும்" என்றார். எங்கள் ஊர் மழையில் எது காயும்? கப்பல் வந்தது, போனது. மறு கப்பலும் வந்தது, போனது.

தை பிறந்து நல்ல வெயில் அடித்தது. ஒரு காலையில், அவர் வேலைக்குக் கிளம்புமுன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஒரு கை தண்ணீரைக் கல்மேல் தெளித்ததைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அன்று மத்தியானம் பஞ்சவர்ணம் வெளியே வந்தாள். அவளும் அக்கம்பக்கம் பார்த்தாள். ஒரு செம்புத் தண்ணீரையே ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

"கல்லு இன்னும் காயலக்கா" என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள். "இந்த ஊரு ஈரம் அப்படி" என்று இரண்டு பேருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து சினிமாவுக்குப் போனார்கள். அன்றைக்கென்று வெயில் மண்டையைப் பிளந்தது. கல் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. நான் அக்கம்பக்கம் பார்க்கவில்லை. என் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய், கல் முழுக்க நனையும்படி ஊற்றிவிட்டு வந்தேன்.