மாப்பிள்ளை வண்டியில் எரிந்த இரண்டு மஞ்சள் விளக்குகள்

கள்ளக்குறிச்சி,
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை தமிழழகன் அவர்களுக்கு,

மாமா ராசு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை குஞ்சம்மாளும் சுகம். புனேயில் தாங்களும் எங்கள் மகள் சுபஸ்ரீயும் சுகமாக இருக்க வேண்டும். தங்கள் காரும் தற்சமயம் சுகம். 'தற்சமயம்' என்று எழுதியதற்காகப் பதற வேண்டாம். போனில் சொன்னால் பாதியிலேயே "ஐயோ மாமா" என்பீர்கள், எனக்கு மீதி மறந்துபோகும். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

கிளம்பும்போது, "சும்மா நின்னா பேட்டரி இறங்கிடும் மாமா, வாரம் ஒருதரம் தெரு முடியற வரைக்கும் ஓட்டிட்டு வாங்க" என்று சாவியைக் கொடுத்தீர்கள். நம் தெரு கச்சிராயபாளையம் ரோட்டில் முடிகிறது. அந்த ரோடு கல்வராயன் மலையில்தான் முடிகிறது. முப்பத்தொரு வருஷம் அதே மலைக்கு பஸ் ஓட்டியவன் நான், ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை, ஆகவே இதில் என் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. என் பஸ்ஸில் ஏறி இறங்கியே சிநேகிதமான கரியாலூர் செல்லன், பேத்திக்குக் காது குத்தறோம் வந்துடுங்கன்னு கூப்பிட்டார், போன வாரம் நானும் அத்தையும் கிளம்பிட்டோம்.

கோமுகி அணை தாண்டி ரெண்டாவது வளைவு, லேசா தூறல், டக்குனு ஸ்டியரிங்குக்குப் பின்னால ரெண்டு மஞ்ச விளக்கு. ஒண்ணுல வட்டத்துக்குள்ள மூணு இங்கிலீஷ் எழுத்து, இன்னொண்ணுல ஒரு கார், அதுக்குக் கீழ நெளிநெளியா ரெண்டு கோடு. "இன்னாங்க இது, காரை ரெண்டு பாம்பு துரத்துது?"ன்னு அத்தை கேட்டாங்க. நான் எழுத்தைக் கூட்டி "ஏபிஎஸ்"னு படிச்சேன். "ஆபீஸா? மாப்பிள்ளை ஆபீஸ்ல இருந்து கூப்புடறாங்களா?"ன்னு அதுக்கு வேற கேள்வி. நான் ஓட்டின காலத்துல விளக்கு எரியலன்னுதான் திட்டு வாங்கியிருக்கேன், எரிஞ்சா இன்னா செய்யணும்னு யாரும் சொல்லித் தரல. மெதுவா பிரேக்கை மிதிச்சுப் பாத்தேன், நல்லாத்தான் பிடிச்சுது, அப்படியே உருட்டிகினு கரியாலூர் போய்ச் சேந்தோம். செல்லன் ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "பேட்டரி ஒயரைக் கழட்டி மாட்டுங்கண்ணே, வண்டி எல்லாத்தையும் மறந்துடும்"னார். கழட்டி மாட்டினோம், விளக்கு ரெண்டும் போயிடுச்சி, காதுகுத்துக்கு வந்த சனமெல்லாம் கை தட்டுச்சி, பத்தடி நகந்தேன், ரெண்டும் திரும்ப வந்துடுச்சி. வண்டி மறந்தது மணியை மட்டுந்தான். கடிகாரம் பன்னெண்டுக்குப் போச்சி, எனக்கு மாத்தத் தெரியல, மன்னிக்கவும்.

மலையிறக்கம் முழுக்க ரெண்டாவது கியர், வளைவுக்கு வளைவு ஆரன். பின்னாடி நான் ஓட்டின அதே ரூட்டு பஸ் வந்துச்சி. டிரைவர் தலையை நீட்டி, "யார்யா அது ஊர்வலம் போறது?"ன்னு கத்திட்டு, என்னைப் பாத்ததும், "அட, நம்ம ராசு அண்ணன்! சித்த ஓரம் போங்கண்ணே"ன்னார். பஸ்ஸுல இருந்த அத்தினி பேரும் டாட்டா காட்டிகினு போனாங்க. மாப்பிள்ளை, அந்த அவமானத்தை எந்தப் பட்டறையிலயும் சரி பண்ண முடியாது.

மறுநாள் காலைல நம்ம ஊர்ல பட்டறை வெச்சிருக்கிற இசைவாணிகிட்ட போனோம். ஐடிஐ படிச்ச பொண்ணு, முப்பது வயசு இருக்கும். "அந்த ரெண்டு பல்பையும் புடுங்கிடும்மா"ன்னேன். "பல்பு நல்லாத்தான் இருக்குதுங்க ஐயா, அது சொல்ற சேதிதான் கெட்ட சேதி"ன்னு கோளாறைப் படிச்சுக் காட்டற ஒரு பொட்டியை ஸ்டியரிங்குக்கு அடியில சொருகிப் பாத்துச்சி. ஒவ்வொரு சக்கரத்துலயும் வேகத்தை அளக்க ஒரு சென்சார் இருக்குதாம். ஒண்ணு பேசலன்னாலும், சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கிற ஏபிஎஸ், வழுக்காம பாத்துக்கிற டிராக்‌ஷன் கண்ட்ரோல், ரெண்டுமே வேலையை நிறுத்திடுமாம். சாதா பிரேக் பிடிக்கும், ஆனா ஈரத்துல ஓங்கி மிதிச்சா வண்டி எந்தப் பக்கம் போவும்னு சொல்ல முடியாதாம். ரெண்டு கொண்டை ஊசி வளைவு என் கண்ணு முன்னால வந்துட்டுப் போச்சி. இடது பின் சக்கரத்துக்கு உள்ள டார்ச் அடிச்சு, "ஒயர் அறுந்துருக்குது. எலி கடிச்ச மாதிரி தெரியலிங்களே. மென்னிருக்குது, ஐயா. ஆடு ஏதாவது?"ன்னு கேட்டுச்சி.

அத்தை ஆகாயத்தைப் பாத்தாங்க.

விசாரிச்சதுல, உங்க காரு நின்ன நாளெல்லாம் நம்ம வூட்டு ஆட்டை அந்தப் பின் சக்கரத்துலதான் கட்டி வெச்சிருக்காங்க. "இன்னா குஞ்சு இது?"ன்னா, "நிழலு சும்மாதான கெடந்துச்சி"ன்னு பதில். இதுக்கு நான் இன்னா சொல்றது, நீங்களே சொல்லுங்க.

புது சென்சார் சேலத்துல இருந்து ரெண்டு நாள்ல வந்துச்சி. மாட்டி, பொட்டியில பழைய தப்பை அழிச்சு, "ஓட்டிப் பாக்கலாம் வாங்க"ன்னு இசைவாணி பக்கத்துல உக்காந்துச்சி. விளக்கு ரெண்டும் அணைஞ்சிருந்துச்சி. அப்பதான் மழை விட்ட ரோடு, குறுக்கால ஒரு கன்னுக்குட்டி துள்ளி வந்துடுச்சி மாப்பிள்ளை, உயிரே போற மாதிரி மிதிச்சேன், காலுக்கடியில பெடல் தடதடன்னு உதைக்குது, வண்டி கோடு போட்ட மாதிரி நேரா போய் நிக்குது, கன்னுக்கும் வண்டிக்கும் நடுவுல ஒரு முழம். "திரும்பப் போச்சும்மா!"ன்னு நான் கதவைத் தொறந்து குதிச்சிட்டேன். அது விழுந்து விழுந்து சிரிக்குது. "ஐயா, இதுதான் ஏபிஎஸ்! வேலை செஞ்சா இப்படித்தான் உதைக்கும்!" அதுக்கப்புறம் ஆளில்லாத களிமண் திடல்ல வேணும்னே ஏழு தரம் மிதிச்சுப் பாத்தேன். ஏழு தரமும் தடதட, ஏழு தரமும் நேரா. வேஷ்டியெல்லாம் சேறு, எனக்கு சந்தோஷத்துல மூச்சு வாங்குது. இந்த வித்தை என் பஸ்ஸுல இருந்திருந்தா எத்தினி மழை நாள்ல நெஞ்சு படபடப்பு கம்மியா இருந்திருக்கும்!

ஆக, இனிமேல் தங்கள் காரின் சாவியை நான் தொடுவதில்லை என்று உறுதி கூறுகிறேன். சாவியை உங்கள் அத்தையிடமே ஒப்படைத்துவிட்டேன். இனி தாங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

தங்களுக்கும் சுபஸ்ரீக்கும் மேடு பள்ளமில்லாத ரோடும் காய்ச்சல் தலைவலியில்லாத நாளும் அமைய வாழ்த்தும்,
மாமா ராசு.

பி.கு.: உறையில் வெள்ளிமலை தபால் முத்திரை இருப்பதைப் பார்த்து சந்தேகப்பட வேண்டாம். நான் சாவியைத் தொடவே இல்லை. மலையேறின அத்தினி வளைவும் எல் போர்டு மாட்டிகினு உங்க அத்தைதான் ஓட்டினாங்க, கத்துக் குடுக்கிற இசைவாணி பக்கத்துல, நான் பின் சீட்டுல கண்ணை மூடிகினு. இனிமே இறக்கம். சாயங்காலம் வரைக்கும் அவங்களுக்கு போன் பண்ணாதீங்க, ஓட்டும்போது பேசக் கூடாதாம்.