சில்லறையைத் துறந்த ஞானி

உலகத்தைத் துறந்தவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சில்லறையை மட்டும் துறந்தவரைப் பார்த்ததுண்டா? கட்டாயம் பார்த்திருப்பீர்கள். உங்கள் அலுவலகத்தில் ஒருவர், உங்கள் தெருவில் ஒருவர், கெட்ட நேரமென்றால் உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருப்பார்.

நம்மவர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். தெருவில் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ‘எதிர்காலம்’. மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும் மூட்டுவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலும், “எதிர்காலத்துல நோட்டே இருக்காது, தெரியுமா?” என்று கொண்டுவந்து நிறுத்தி, காகிதப் பணம் அழுக்கு, கிருமி, அடிமைத்தனம் என்று விளக்கி, இனிமேல் கிரிப்டோதான், அதற்கு எல்லையில்லை, எஜமானில்லை என்று முழங்கி, கேட்பவர் கொட்டாவியை மறைக்க வாயைப் பொத்துவதை வியப்பென்று எடுத்துக்கொண்டு மேலும் அரைமணி நேரம் பேசுவார். டீ மட்டும் நீங்கள் வாங்கித் தர வேண்டும். சட்டைப் பையில் செல்லாக்காசுகூட வைத்துக்கொள்வதில்லை என்பது அவர் விரதம்.

ஒருநாள் செருப்பு அறுந்துவிட்டது. தைத்து முடித்தவரிடம், “ஸ்கேன் பண்ற அட்டை வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க.”

“அப்புறம் எப்படி முன்னேறுவீங்க?”

“நீங்க காசு குடுத்தா முன்னேறுவேன்.”

கூட வந்த நண்பர் எடுத்துக் கொடுத்தார். “சாயங்காலம் அனுப்பிடறேன்” என்றார் எதிர்காலம். எந்தச் சாயங்காலம் என்று சொல்லவில்லை.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். நிற்குமா? இந்த ஜாதிக்குச் சீடர்கள் வேண்டும். வெளியில் ஒருவரும் அகப்படாவிட்டால் கூடப்பிறந்தவள் இருக்கவே இருக்கிறாள்.

அவருடைய அக்கா தையல்காரி. வாடகைக்கு எடுத்த சின்ன அறை, இரண்டு தையல் இயந்திரம், காலை முதல் இரவு வரை குனிந்த முதுகு. அந்த அறையை விற்கும்போது முதலில் உனக்குத்தான் சொல்வேன் என்று கடைச் சொந்தக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே பத்து வருடம் சேர்த்த பணம் வங்கியில் இருந்தது. எதிர்காலத்துக்கு அது பொறுக்கவில்லை.

“அக்கா, பேங்க்ல உன் பணம் சும்மா தூங்குது.”

“தூங்கட்டும்டா. எனக்குத்தான் தூக்கம் இல்ல, அதுவாச்சும் தூங்கட்டும்.”

“இதுல மேனேஜர் கிடையாது, ஆபீஸ் கிடையாது. உன் பணத்துல ஒருத்தனும் கை வைக்க முடியாது.”

மாதக்கணக்கில் நச்சரித்தார். தம்பி கெட்டது செய்வானா என்று அவளும் கொடுத்துத் தொலைத்தாள். பாவம், அவள் செய்த ஒரே தவறு அதுதான்.

அவ்வளவும் கிரிப்டோவாக மாறி அவர் போனில் ஒரு செயலிக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணப்பெட்டிக்குச் சாவி பன்னிரண்டு சொற்கள். அவற்றை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லி அந்தச் செயலியே கேட்டுக்கொண்டது. தாளா? காகிதத்துக்கு எதிராக ஊரெல்லாம் உபதேசம் செய்கிற மனிதர் காகிதத்தில் எழுதுவாரா? மானம் என்ன ஆவது? திரையைப் படமெடுத்து அதே போனில் வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தம்மை நினைத்துத் தாமே பெருமைப்பட்டார்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கிடங்கின் மாடியில் நின்று விலை பார்க்கிறேன் என்று சிக்னலுக்காகக் கையை உயர்த்தியபோது, போன் நழுவித் திறந்திருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தது. பழுது பார்ப்பவர் பிரித்துப் பார்த்து, “உள்ள ஒண்ணும் தேறாது சார்” என்று கையை விரித்தார். புதுப் போன் வாங்கினார். அது பன்னிரண்டு சொற்களைக் கேட்டது. நினைவுக்கு வந்தவை மூன்று: குடை, கழுதை, வெங்காயம். கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானமேறி வைகுண்டம் போன கதை.

அந்த வாரம் பார்த்துத்தானா கடைச் சொந்தக்காரர் அறையை விற்க வேண்டும்? வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்கு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார். எதிர்காலம் யாரிடம் முறையிடுவது? கால்கள் தாமாகவே அக்காவின் பழைய வங்கிக்குப் போயின. கண்ணாடி அறைக்குள் மேனேஜர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“எங்ககிட்டேர்ந்து எடுத்துட்டுத்தானே போனீங்க? அங்க பொறுப்புல இருக்கறவங்களப் பாருங்க.”

“அங்க யாரும் இல்ல சார்.”

வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வாக்கியத்தை அவர் மெதுவாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அக்காவின் கடையில் போய் நின்றார். “பணம் எங்கயும் போகலக்கா. அப்படியே இருக்கு. இதோ, உலகத்துல யார் வேணாலும் பாக்கலாம்” என்று புதுப் போனை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தொகை கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது.

“சரி. முன்பணத்துக்கு மட்டும் எடுத்துக் குடு.”

“எடுக்க முடியாது. பாக்கத்தான் முடியும்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “பாக்கறதுக்காடா பத்து வருஷம் முதுகொடியத் தச்சேன்?”

வெள்ளிக்கிழமை அறை கைமாறியது. தையல் இயந்திரங்கள் இரண்டும் அக்கா வீட்டு அடுக்களைக்குப் போயின. இப்போது அடுப்புக்கும் துணிக்கும் நடுவில் குனிந்து உட்கார்ந்து தைக்கிறாள். தம்பியோடு பேசுவதில்லை.

தம்பி திருந்தினாரா? அடுத்த வாரமே டீக்கடையில், “எங்க அக்கா போட்ட பணம் இப்ப ரெண்டு மடங்கு, தெரியுமா?” என்று புதுச் சீடர் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சீடர் வாயைப் பொத்தவில்லை. நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இப்பேர்ப்பட்ட மூடர்களும் உண்டா என்று நீங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிகிறது. நல்லது. ஆனால் ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: இரண்டு மடங்கு என்றதும், அது எந்த நாணயமாக இருக்கும், இப்போதும் வாங்கலாமா என்று உங்கள் மனசு ஒரு நொடி கணக்குப் போட்டதா, இல்லையா?