இடது பின்பக்கம் காது கேட்காத விமானம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நலமென்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அங்கே நீயும் அத்தானும் உன் முழங்கால் வலியும் சௌக்கியமாகவே இருப்பீர்கள்.

மாமா என் பேரைக் கெடுத்துட்டார் என்று உன் மகன் போனில் உன்னிடம் அழாத குறையாகச் சொன்னானாமே. நடந்ததைக் கேள். எதிரியின் ரேடார் விமானத்தைக் கண்டுகொண்டால் உடனே விமானியின் காதில் கத்துகிற பெட்டி ஒன்று உண்டு. அது கத்துகிறதா என்று பார்ப்பது என் வேலை. ரேடார் மாதிரியே அலை விடுகிற கருவியைத் தூக்கிக்கொண்டு விமானத்தைச் சுற்றிச் சுற்றி வருவேன், அதாவது சம்பளம் வாங்கிக்கொண்டு எதிரியாக இருக்கிறேன். போன வாரம் உன் மகன் எடுத்துப் போகவேண்டிய விமானத்தில் மற்ற பக்கமெல்லாம் கத்தியது, இடது பின்பக்கம் போய் நின்றால் மூச்சு விடவில்லை. ஆண்டெனாவை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், பெட்டியையே கழற்றி மேஜையில் வைத்துப் பார்த்தோம், மேஜையில் சமர்த்தாகக் கத்துகிறது, திரும்ப மாட்டினால் ஊமை. அதிகாரி வந்து, மத்த பக்கம் கேக்குதில்ல, நாளைக்கு எல்லைப் பக்கம் ரோந்து போகணும், பறக்கலாம்னு கையெழுத்தப் போடுன்னார். எதிரிய அந்தப் பக்கமா வரவேணாம்னு சொல்லிடலாமா சார்னு கேட்டேன். அவர் சிரிக்கல. நானும் சிரிக்கறதுக்காகக் கேக்கல.

நான் கையெழுத்துப் போடல. விமானம் கொட்டகையிலயே நின்னுது, ரோந்துக்கு வேற ஒருத்தன் வேற விமானத்துல போனான். உன் மகன் எல்லார் முன்னாடியும் என்கிட்ட வந்து, "மாமா, என்னை உங்க அக்கா பையனா பாக்காதீங்க, பைலட்டா பாருங்க"ன்னான். வேலை செய்யற இடத்துல அவன நான் சார்னுதான் கூப்பிடணும். வாய் தவறி, "பைலட்டா பாத்ததாலதான்டா போடல"ன்னுட்டேன். அந்த 'டா'வுக்குத் தனியா திட்டு வாங்கினேன். அன்னையிலேர்ந்து கேன்டீன்ல நான் உக்காந்தா அவன் தட்டத் தூக்கிட்டு வேற மேஜைக்குப் போயிடறான். போகட்டும். பேசாட்டியும் கண்ணெதிர்ல தட்டோட நடமாடறான்ல, எனக்கு அது போதும்.

ஆகவே நீ நிம்மதியாக இரு. அத்தானுக்கு என் வணக்கம். மாடிப்படி ஏறாதே.

உன் தம்பி

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கொட்டகைக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். யாரும் எதையும் தொடவில்லை, இன்றைக்கு இடது பின்பக்கமும் கத்துகிறது. எத்தனை தடவை சுற்றி வந்தாலும் கத்துகிறது. அன்னைக்கு ஏன் கத்தலன்னும் தெரியல, இன்னைக்கு ஏன் கத்துதுன்னும் தெரியல. கத்துகிற பெட்டிக்கு எதைச் சொல்லி மாட்டேன் என்பது? கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏணியில் ஏறும்போது உன் மகன், "தேங்க்ஸ் மாமா" என்றான். இப்போது மேலே இருக்கிறான். நிம்மதியா இருன்னு எழுதினத மட்டும் படிக்காம விட்டுடு.