கோபப்பட ஓர் ஆள்

ரொட்டி கருகியிருந்தது. பேக்கரி முதலாளி வாயைத் திறந்தார். கல்லாவில் கிடந்த சில்லறை நடுங்கத் தொடங்கியது. அதற்குள் அவர் மனைவி ஓடிவந்து அந்த வாயில் ஒரு பன்னைத் திணித்தாள்.

"டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. "ஒவ்வொரு தடவை கத்தும்போதும் ரத்தக்குழாய் இறுகுது, பிரஷர் எகிறுது. உங்க இதயம் மேடேறுற வண்டிமாடு மாதிரி நுரை தள்ளுது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தா, கடையை மூடிட்டுப் படுத்துடுங்க" என்றிருந்தார். கடையை மூடுவதும் கண்ணை மூடுவதும் முதலாளிக்கு ஒன்றுதான்.

அவர் கத்தினால் தெருமுனையில் நிற்கும் ஸ்கூட்டர் தானே கிளம்பிவிடும். பொய்யில்லை, இரண்டு ஸ்கூட்டர்கள் இன்னும் திரும்பி வரவில்லை.

"நான் கத்தலைன்னா இங்க மாவுகூடப் பொங்காதுடி!"

"சரி, உங்களுக்குப் பதிலா எங்க அண்ணன் கத்தட்டும். சும்மாதானே இருக்கார்."

அண்ணன், அதாவது முதலாளியின் மச்சான், நூலகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்க்கையில் "உஷ்" என்பதற்கு மேல் குரலை உயர்த்தியதில்லை. மறுநாளே பதவியேற்றார். அடுப்புக்காரர் முன்னால் போய் நின்றார்.

"ரொட்டி கொஞ்சம் கருகினாப்பல தெரியுது... என் கண்ணு கோளாறாவும் இருக்கலாம்."

முதலாளியின் கழுத்து நரம்பு புடைத்தது. "மச்சான், இது திட்டா, தாலாட்டா? 'தூங்குமூஞ்சி'ன்னு சத்தமா ஆரம்பிங்க!"

"தூங்கு..." என்பதற்குள் மச்சானுக்கே அழுகை வந்துவிட்டது. அடுப்புக்காரர் தண்ணீர் கொடுத்து முதுகைத் தடவினார். மாவு பிசைகிறவர் விசிறினார். இந்தக் கருணைக்கு நடுவே அடுத்த தட்டு ரொட்டியும் கருகியது.

இப்போது மச்சானைத் திட்ட வேண்டும். அதற்கு யாரை வைப்பது? கோபத்தை விழுங்கிய முதலாளியின் முகம் சுட்ட செங்கல்லானது. அந்தப் பக்கமாக வைத்திருந்த வெண்ணெய் உருகி ஓடியது.

"மாப்பிள்ளை, நீங்க பார்த்துக்கிட்டு நின்னா எனக்குக் கூச்சமா இருக்கு" என்றார் மச்சான். "தப்பு பண்றவங்களை மாவு அறைக்குள்ள கூட்டிட்டுப் போய், கதவைச் சாத்திட்டுத் திட்டுறேனே."

பிறகு நடந்ததுதான் அதிசயம். கதவு சாத்தியதும் உள்ளே இடி இடித்தது.

"தூங்குமூஞ்சி! அடுப்பு உனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? சோத்துக்குக் கேடு, பூமிக்குப் பாரம்!"

கூரையிலிருந்து மாவு உதிர்ந்தது. தடித்த கதவின் வழியே வடிந்து வந்த குரல் மச்சானுடையதாகவே இல்லை. அச்சு அசல் முதலாளியுடையதாக இருந்தது. கல்லாவில் அவர் கண்ணை மூடி, கச்சேரி கேட்பதுபோலத் தலையாட்டினார்.

"நான் சொல்லிக்கொடுக்காத வசவெல்லாம் வருதே! மனுஷன் கரைச்சுக் குடிச்சிட்டார்!"

நாளாக ஆக ரொட்டி கருகுவது நின்றது. முதலாளி நன்றாகத் தூங்கினார். ஒருநாள் மனைவியைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார். அவள் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுமாதம் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "அருமை! கடையைத் தாராளமா நடத்துங்க" என்றார்.

முதலாளியோ துணைக்கு வந்திருந்த மச்சானைத் திரும்பிப் பார்த்தார். தன் கோபத்தையெல்லாம் மச்சான் தலையில் கட்டி, அந்தச் சாதுவைக் கொன்றுகொண்டிருக்கிறோமோ?

"டாக்டர், இவரையும் பாருங்க. எனக்காகத் தினமும் தொண்டை கிழியக் கத்துறார்."

டாக்டர் பார்த்தார். "இவரா? இவர் இதயம் காத்தடிக்காத குளம் மாதிரி கிடக்கு!"

மச்சான் தரையைப் பார்த்தார்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளி அடுப்புக்காரரைப் பிடித்தார். "அந்தக் கத்து கத்துற மனுஷனுக்கு ரத்தம் எப்படிப்பா கொதிக்காம இருக்கும்?"

அடுப்புக்காரர் கருகாத ரொட்டித் தட்டை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அவர் எங்க கத்தினாரு, முதலாளி? தப்பை எப்படிச் சரிபண்ணலாம்னு எங்ககூட உக்காந்து காதோட காதா பேசுவாரு. பாவம், அவர் மானத்தைக் காப்பாத்த, யார் தப்பு பண்ணாங்களோ அவங்களே தன்னைத்தானே சத்தமாத் திட்டிக்குவாங்க. உங்க வசவுதான் எங்களுக்கெல்லாம் மனப்பாடமாச்சே!"