ஜன்னத்பிரியாணி டாட் காம்

"அக்கா, உங்க பேரு என்கிட்ட இருக்கு" என்றார் தங்கராஜு.

அடுப்படியில் நின்ற ஜன்னத் அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் பேரு என்கிட்டதான் இருக்கு தம்பி. எங்க அத்தா வச்சது. இங்கேயே சாப்பிடுறீங்களா, புங்குஸ் கட்டவா?"

"அது இல்லக்கா. இன்டர்நெட்ல உங்க கடைப் பேரு. ஜன்னத்பிரியாணி டாட் காம். அதை நான் வாங்கி வச்சிருக்கேன். உங்களுக்குன்னா ரெண்டாயிரம் வெள்ளி."

கரண்டி நின்றது.

"என் பேரை நீங்க வாங்கி, எனக்கே விக்கிறீங்களா?"

பினாங்கு சூலியா தெருவின் மத்தியானக் கூட்டம் மொத்தமும் பிரியாணியை விட்டுவிட்டுத் தங்கராஜுவைப் பார்த்தது. இன்னொருவராக இருந்தால் கூனிக்குறுகிப் போயிருப்பார். தங்கராஜு ஒரு புங்குஸ் வாங்கிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்கக்கா, அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபடி வெளியே வந்தார்.

அவசரமில்லை என்றது முழுப் பொய். அன்று தேதி இருபத்திரண்டு. முப்பதாம் தேதிக்குள் ஒரு பெயராவது விற்றாக வேண்டும்.

தங்கராஜு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். போன வருடம் கையில் கொஞ்சம் பணத்தைக் கொடுத்து மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் வாரமே ஒரு வீடியோ பார்த்தார். அதில் கோட்டுப் போட்ட ஒருவன், ஐம்பது வெள்ளிக்கு வாங்கிய இணையப் பெயரை ஐந்து லட்சத்துக்கு விற்றதாகச் சொல்லிச் சிரித்தான். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது சனி. இப்போது அவரிடம் பதினோரு பெயர்கள். அதில் ஒன்று, செம்பனை மரங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத தாசேக் கெலுகோர் ஊரின் பேரில், தாசேக்கெலுகோர்ஹாலிடே டாட் காம்.

"செம்பனைக் காட்டுக்கு எவன் ஹாலிடே போவான்?" என்று கேட்டாள் மனைவி புஷ்பவள்ளி.

"இன்னிக்கு எவனும் போகல. அதனாலதான் மலிவு" என்றார்.

பள்ளிக்கூட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கும் புஷ்பவள்ளிக்குப் பொறுமை அதிகம். ஆனாலும் ஒரு வருடம் முடிந்து, பதினோரு பெயருக்கும் மறுபடி பணம் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த அன்று அது தீர்ந்துபோயிற்று.

"முப்பதாம் தேதிக்குள்ள ஒண்ணே ஒண்ணு வித்துக் காட்டுங்க. நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா ஒண்ணாந்தேதி தம்பி பட்டறையில வேலைக்குப் போறீங்க. அவன்கிட்ட சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொல்வான்? அக்கா சொன்னா மறுபேச்சு பேச மாட்டான்."

அதுதான் தங்கராஜுவின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. புஷ்பவள்ளியின் தம்பி லோகேஸ்வரன், புக்கிட் மெர்தாஜாமில் கார் பட்டறை வைத்திருக்கிறான். அரைக்கால் சட்டை போட்ட காலத்திலிருந்தே அவனைத் தெரியும். அவன் முதலாளி நாற்காலியில் உட்கார, இவர் போய்க் கைகட்டி நிற்பதா? நாற்பது பேரை மேய்த்த மனுஷன் ஐயா!

அந்தப் பட்டறையை நடத்தவே அவருக்குத் தெரியும். போன தீபாவளிக்கு முன்பு லோகேஸ்வரன் ஈப்போவுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனபோது மூன்று நாள் நடத்தியும் காட்டினார். காலை ஏழரைக்கு எல்லாருக்கும் உடற்பயிற்சி. ஸ்பேனர் எடுத்தால் கையெழுத்து. கழிவறைக்குப் போனாலும் கையெழுத்து. திருகாணிகளை எல்லாம் கொட்டி, அளவுவாரியாகப் பிரித்து, அந்த மூன்று நாளில் இரண்டு கார்களை முடித்தும் அனுப்பினார். கிளம்பும்போது தலைமை மெக்கானிக் சீனி முகம்மதுவின் கண் கலங்கிவிட்டது. பாசக்காரப் பயல்.

வீட்டுக்கு வந்து புங்குஸைப் பிரிக்கும்போதே லோகேஸ்வரன் போன் செய்தான்.

"மாமா, ஏதாச்சும் வித்துச்சா?"

குத்திக் காட்டுகிறான் என்று தங்கராஜுவுக்கு உடம்பு எரிந்தது. "விக்கும்! நீ ஒண்ணும் நாற்காலி துடைச்சு வைக்க வேணாம்!"

"இல்ல மாமா, சும்மா கேட்டேன்லா."

தினமும் சும்மா கேட்டான்.

ஜன்னத் அக்காவுக்குப் பெயரின் அருமை தெரியவில்லை, காட்டினால் தெரியும். இதுதான் தங்கராஜுவின் முடிவு. இருபத்துமூன்றாம் தேதி முழுக்க உட்கார்ந்து ஒரு வலைத்தளம் செய்தார். பிரியாணிப் படம், கடை முகவரி, கீழே "ஆர்டருக்கு" என்று போட்டுத் தன்னுடைய போன் நம்பர். நாலு ஆர்டர் வந்ததும் கொண்டுபோய் நீட்டினால், அக்கா பணத்தோடு ஓடி வருவார்.

நாலு வரவில்லை. இரண்டு நாளில் அறுபத்தெட்டு வந்தன. பைராம் தோட்டத்திலிருந்து ராமசாமி என்பவர், பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கு முந்நூறு பேருக்குக் கேட்டார். சந்தோஷத்தில் தங்கராஜு "செஞ்சிடலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டார்.

"முந்நூறா?" ஜன்னத் அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஒரு நாளைக்கு மூணே சட்டி. அதுக்கு மேல நான் ஆக்க மாட்டேன், முப்பது வருஷமா. யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

"பேரோட மதிப்பைப் பாருங்கக்கா..."

"தம்பி, கரண்டி சூடா இருக்கு."

தங்கராஜு ராமசாமிக்குப் போன் செய்து, இந்த ஜென்மத்துக்குப் போதுமான திட்டு வாங்கினார். போன் நிற்காமல் அடித்தது. ஆர்டர்களை நிறுத்த ஒரே வழிதான் தெரிந்தது. வலைத்தளத்தில் பெரிய எழுத்தில் "மூடப்பட்டது" என்று போட்டார்.

போன் நின்றது. நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் மத்தியானம் பினாங்கில் பாதிப் பேருக்கு ஜன்னத் அக்கா கடையை மூடிவிட்ட செய்தி போய்விட்டது. வழக்கமாக வருகிறவர்கள் வரவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு சட்டி பிரியாணி மீந்தது. அக்கா கடை வாசலில் நின்றுகொண்டு, போகிற வருகிறவர்களிடம், "திறந்துதான் இருக்கு, வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அதைப் பார்த்தபோது தங்கராஜுவுக்கு உண்மையாகவே மனசு கேட்கவில்லை. உடனே சரிசெய்ய வேண்டும். வீட்டுக்கு ஓடி "மூடப்பட்டது" என்பதை எடுத்துவிட்டு, மக்கள் மனம் குளிரும்படி எழுதினார்: "ஜன்னத் அக்கா நலமாக இருக்கிறார். கவலைப்பட வேண்டாம்."

அவ்வளவு நாளும் கவலைப்படாதவர்கள் எல்லாரும் அப்போதுதான் கவலைப்பட்டார்கள். இருபத்தெட்டாம் தேதி கடைக்கு வந்த கூட்டம் ஆரஞ்சும் ஆப்பிளும் கொண்டுவந்தது. "இப்ப எப்படி இருக்கு? ஆபரேஷன்னு சொன்னாங்களே!" என்றார் ஒருவர். ஒரு பாட்டி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். பிரியாணி வாங்கச் சொன்னால், "உடம்பு முடியாத நேரத்துல நீ ஏம்மா ஆக்குற?" என்று கடிந்துகொண்டு போனார்கள். அன்று இரண்டு சட்டி மீந்தது.

இருபத்தொன்பதாம் தேதி தங்கராஜு மன்னிப்புக் கேட்கப் போனார். அப்படியே விலையை ஆயிரத்து ஐந்நூறாகக் குறைக்கலாம் என்றும் ஒரு எண்ணம். கடை வாசலில் ஏணி சாய்த்திருந்தது. ஒரு ஆள் பெயர்ப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா இது?"

"இன்னியிலேர்ந்து என் கடைக்குப் பேரே கிடையாது" என்றார் ஜன்னத் அக்கா. "வாசனை பிடிச்சு வர்றவங்க வந்தா போதும். போங்க, அந்தப் பேரை யாருக்கு வேணுமோ வித்துக்குங்க. போறப்ப அந்த ஆப்பிள்ல ரெண்டு கிலோ எடுத்துட்டுப் போங்க, இங்க இடமில்ல."

ஆப்பிளோடு வீடு திரும்பினார். ஊரில் பெயரே இல்லாத கடைக்கு உலகத்தில் ஒரே பெயர், அது அவரிடம். அப்போதும் மனுஷன் அசரவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பெயரின் விற்பனைப் பக்கத்தைப் போட்டு, "கடைசி விலை 1,200 வெள்ளி! நாளை வரை மட்டும்!" என்று எழுதினார். லோகேஸ்வரன் உடனே கூப்பிட்டான்.

"மாமா, இதுக்குக் கீழ கொறைக்க மாட்டீங்களா?"

"உனக்கு எதுக்குடா அது? ஒரு காசு கொறைக்க மாட்டேன்!"

"சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிட்டான். இதில் இளக்காரம் வேறு என்று பல்லைக் கடித்தார் தங்கராஜு.

முப்பதாம் தேதி. மறுநாளைக்காகப் புஷ்பவள்ளி டிபன் கேரியரைக் கழுவிக் கவிழ்த்தாள். அவருடைய பழைய தொழிற்சாலைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். ஒவ்வொரு மடிப்பும் அவர் நெஞ்சின் மேல் விழுந்தது. மூன்று மணி. மூன்றரை. கணினியின் முன்னால் தங்கராஜு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

நாலு மணிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "வாழ்த்துகள்! உங்கள் பெயர் விற்பனையாகிவிட்டது. தொகை: 1,200 வெள்ளி. வாங்கியவர் தம் விவரத்தை வெளியிட விரும்பவில்லை."

"புஷ்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ரோஹானா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

புஷ்பவள்ளி மூன்று தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் உங்களைச் சரியா புரிஞ்சுக்கல" என்றாள். இஸ்திரி போட்ட சட்டை அலமாரிக்குப் போனது. ஒரு வருடமாக வீட்டில் தலை குனிந்து சாப்பிட்டவருக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

மறுநாள் காலை இரண்டு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு, பெர்ரியில் அக்கரைக்குப் போய், புக்கிட் மெர்தாஜாம் பட்டறை வாசலில் மோட்டாரை நிறுத்தினார். தலைக்கவசத்தைக் கழற்றியதும் உள்ளே கையில் ஸ்பேனரோடு நின்ற ஐந்து மெக்கானிக்குகளும் சிலையானார்கள்.

"மாமா..." லோகேஸ்வரன் எழுந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. "வித்துடுச்சுன்னு அக்கா சொன்னாங்களே..."

"வித்தாச்சு! ஆயிரத்து இருநூறு!" பெட்டியைத் திறந்து நீட்டினார். "தினம் தினம் கேட்டியே, இந்தா, வாயை இனிப்பாக்கிக்க!"

லோகேஸ்வரன் பெருமூச்சு விட்ட வேகத்தில் மேசையில் இருந்த ரசீதுகள் பறந்தன. ஓடி வந்து மாமாவைக் கட்டிக்கொண்டான். மெக்கானிக்குகள் கைதட்டினார்கள். இத்தனை அன்பை எதிர்பார்க்காத தங்கராஜு ஆடிப்போனார். அவனைப் போய்த் தப்பாக நினைத்துவிட்டோமே!

"மச்சான்" என்றார், அவன் தோளைப் பிடித்து. "உன்கிட்ட சம்பளத்துக்கு நிக்கத்தான் எனக்கு மானக்கேடா இருந்துச்சு. இப்ப அந்தப் பேச்சே இல்ல. நான் இப்ப பெரிய ஆளு. அதனால ஒரு முடிவு பண்ணிட்டேன். ஒரு காசு வேணாம். நாளையிலேர்ந்து தினமும் காலையில ஏழரைக்கு நானே வந்து இந்தப் பட்டறையை ஒழுங்கு பண்ணிக் குடுக்கிறேன்!"

கைதட்டல் நின்றது. யார் கையிலிருந்தோ ஸ்பேனர் விழுந்தது.

சீனி முகம்மது வாய்க்குக் கொண்டுபோன லட்டைத் திரும்பப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அழாத குறையாகக் கேட்டான்:

"அப்ப பாஸும் நாங்க அஞ்சு பேரும் ஆளுக்கு இருநூறு வெள்ளி போட்டு அந்தப் பேரை வாங்கினது எதுக்குண்ணே?"